பராயமடையாதோர் கணக்கு

டோக்கன் நாற்பத்தேழு.
கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் அக்காவிடம்
அடையாள அட்டையை நீட்டுகிறேன்.
போன கிழமைதான் வந்தது,
படத்தில் இருப்பது நான்தான் என்று
எனக்கே இன்னும் பழகவில்லை.

தாய் பெயர் அமிர்தவள்ளி.
செக்ரோல் நம்பர் அறுநூற்றுப் பதினெட்டு.
பதினோராம் நம்பர் மலையில் குளவி கொட்டி
அவள் போனபோது எனக்கு நாலு வயது,
அண்ணனுக்கு ஆறு.
முகம் மறந்துவிட்டது.
ஈபிஎப் படிவத்தில் அவள் வைத்த
கட்டைவிரல் ரேகை மட்டும் தெரியும்:
சித்தி அதைப் போட்டோ பிரதி எடுத்து
சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள்.
நடுவில் ஒரு வெட்டுக்காயம்,
கவ்வாத்துக் கத்தியோ என்னவோ.

வந்த காசை இரண்டாய்ப் பிரித்தார்கள்.
ஆளுக்கு எழுபதாயிரமும் சில்லறையும்.
பதினெட்டு வரை ஒருவரும் தொடக்கூடாதென்று
புத்தகத்தின் முதல் பக்கத்தில் முத்திரை.
தகப்பனும் தொட ஏலாது என்றார்கள்.
அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனார்.
திரும்பும் பஸ் இன்னும் வரவில்லை.

புள்ளைங்க காசுலதான் டீவி வாங்கியிருக்கா
என்று லயத்தில் ஒரு பேச்சு.
அதனால் வருஷா வருஷம் டிசம்பரில்
ஹட்டனுக்கு வந்து வட்டி பதிந்துகொண்டு போய்
பீலியடியில், குடங்கள் வரிசையாய் நிற்கும் நேரம் பார்த்து,
அண்ணனைச் சத்தமாய் வாசிக்கச் சொல்வாள் சித்தி.
ரூபாயோடு விடாதே,
சதத்தையும் சொல்லு.

நெஞ்சுச்சளி முற்றி என்னைக் கண்டிக்கு ஏற்றியபோது
ஐயாயிரம் மட்டும் கேட்டுப் பார்த்தாள்.
கோர்ட் உத்தரவு வேண்டும் என்றார் மேனேஜர்,
மரியாதையாகத்தான் சொன்னார்.
நுவரெலியாவுக்குப் போகவர, வக்கீலுக்கு, முத்திரைக்கு
என்று விரல்விட்டுப் பார்த்தால்
ஐயாயிரத்தை எடுக்க எட்டாயிரம்.

அன்றைக்குத்தான் அம்மாவின் தோடு
அடகுக்கடைக்குப் போனது.
அதற்குப் படிவம் இல்லை, முத்திரை இல்லை,
எந்தப் புத்தகத்திலும் அது எங்கள் பேரில் இல்லை.
தீபாவளி முற்பணத்தில் வீட்டுக்கு வரும்,
ஜனவரியில் கொப்பி வாங்க மறுபடி போகும்.
என் சாதாரண தரம் போனது அந்தத் தோட்டில்.
அண்ணனின் சப்பாத்து, கூரைத் தகரம் ரெண்டு,
சித்தப்பாவின் சாவுச் செலவும்கூட.

அண்ணன் தன் பங்கை ரெண்டு வருஷம் முந்தி எடுத்தான்.
கட்டாருக்குப் போக ஏஜென்ட்டிடம் கொடுத்தான்.
ஏஜென்ட்டின் ஆபீஸ் இருந்த இடத்தில்
இப்போது கோழி உரிக்கிறார்கள்.

அக்கா மெஷினில் தட்டிச் சொல்கிறாள்,
ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட வருது.
அன்றைக்கு அந்தக் காசில்
கன்றோடு ஒரு பசு வாங்கியிருக்கலாம்.
இரட்டிப்பான இந்தக் காசில்
பாதிப் பசு வரும்.
முன்பாதியா பின்பாதியா என்று
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.
தோட்டின் விலையோ
நாலு மடங்குக்கு மேல் ஏறிக் கிடக்கிறதாம்,
கடைக்காரர் சொன்னார்.

பாதுகாவலர் வந்திருக்காங்களா என்று கேட்டவள்
அட்டையில் என் பிறந்த திகதியைப் பார்த்து
ஆ, இனித் தேவையில்லையே, என்கிறாள்.
அடிமட்டம் வைத்து
மு. பரிமளகாந்தி என்ற பெயரின் மேல்
சிவப்பில் ஒரு கோடு.
நேரான கோடு.

வெளியே பிளாஸ்டிக் கதிரையில் சித்தி
நூல் கட்டிய அடகுச் சீட்டுகளை
மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
முதல்ல தோட்டை மீட்போம் சித்தி, என்றேன்.
என் உயர்தர ட்யூஷனுக்குப் போன தோடு
இன்னும் திரும்பவில்லை.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அது நா வச்சது, நாந்தான் மீட்பேன்.
ஒங்காசு ஒங்காசு.

பிறகு, இருபத்திரெண்டா இருபத்திமூணா
என்று சந்தேகம் வந்து
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.
ஒன்று நாற்பது பஸ்
போயே போய்விட்டது.